சாதிக்கு ஒரு தொடக்கம் உண்டு: அயோத்திதாசப் பண்டிதரும் தமிழ்ப் பௌத்தமும்



வகுப்பறையில் ஒரு மாணவர் எழுந்து, “சாதி எப்பொழுது தோன்றியது?” என்று வினவினால் நாம் என்ன விடை கூறுவோம்? “அது தொன்றுதொட்டு இருந்து வருகிறது” என்பதே பெரும்பாலோர் கூறும் விடை. தீங்கற்ற விடையாகவே அது தோன்றும். ஆயினும், தொடக்கமே இல்லாதது என்று சொல்லப்படும் ஒன்று இயற்கையின் பகுதியாகிவிடுகிறது. மலையையும் கடலையும் எதிர்த்து எவரும் வழக்காடுவதில்லை. சாதியும் அவ்வாறே இருந்துவிட்டுப் போகட்டும் என்னும் மனநிலையை அந்த ஒற்றை விடை மாணவரின் நெஞ்சில் விதைத்துவிடுகிறது.

இவ்விடையை ஏற்க மறுத்தவர் அயோத்திதாசப் பண்டிதர் (1845–1914). சாதிக்கு ஒரு தொடக்கம் உண்டு. ஆகவே அதற்கு ஒரு முடிவும் உண்டு என்பது அவருடைய எழுத்துகளின் அடிக்கருத்து. இதனை நிறுவ அவர் கைக்கொண்ட கருவிகள் இரண்டு. ஒன்று தமிழ் இலக்கியம், மற்றொன்று பௌத்தம். இவ்விரண்டையும் அவர் எவ்வாறு இணைத்தார், அம்முயற்சியின் வலிமை எது, குறை எது, மாக் மண்டினில் கூடியிருக்கும் நமக்கு அது ஏன் வேண்டும் என்பனவற்றை இவ்வுரை விளக்க முற்படுகிறது.

பிறப்பும் கல்வியும்

அயோத்திதாசர் 1845 மே 20ஆம் நாள் சென்னையில் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் காத்தவராயன். தமக்குக் கல்வி புகட்டிய அயோத்திதாசக் கவிராஜ பண்டிதர் மீது கொண்ட மதிப்பால் ஆசிரியரின் பெயரையே தம் பெயராக ஏற்றார். ஆசிரியர் ஒருவருக்கு மாணவர் அளிக்கக்கூடிய காணிக்கைகளுள் இதனினும் பெரிது உண்டோ என்று எண்ணத் தோன்றுகிறது. தமிழோடு வடமொழி, பாலி, ஆங்கிலம் ஆகியவற்றையும் அவர் பயின்றார். சித்த மருத்துவம் அவருடைய தொழில்.

அவருடைய பாட்டனார் கந்தப்பன், ஹாரிங்டன் என்னும் ஆங்கிலேயரிடம் சமையல் பணியாளர்களின் தலைவராக, அக்கால வழக்கில் ‘பட்லர்’ ஆக, இருந்தவர். தம் வீட்டில் காத்து வந்த திருக்குறள் ஓலைச்சுவடியைக் கந்தப்பன் அவரிடம் கொடுத்தார் என்றும், அது எல்லிஸ் துரையின் கைக்குச் சென்றது என்றும் அயோத்திதாசர் தம் இதழில் எழுதியிருக்கிறார். திருக்குறள் முதன்முதலில் அச்சேறிய ஆண்டு 1812. இச்செய்தியை அயோத்திதாசர் எழுதியதற்கு ஒரு காரணம் உண்டு. ‘கல்விக்கு உரியர் அல்லர்’ என்று ஒதுக்கப்பட்ட மக்களின் வீடுகளிலேயே தமிழின் தலைசிறந்த நூல் பாதுகாக்கப்பட்டது என்பதை அவர் உலகுக்கு அறிவிக்க விரும்பினார்.

இளமையில் அவர் நீலகிரியில் வாழ்ந்தார். தொடக்கத்தில் அத்வைதக் கொள்கையில் ஈடுபாடு கொண்டு, 1870களில் அங்கு அத்வைதானந்த சபையை நிறுவினார். எல்லா உயிரிலும் ஒன்றே உறைகிறது என்னும் தத்துவம் மக்களைச் சமமாக நடத்தும் நிலைக்கு இட்டுச் செல்லும் என்பது அவருடைய அக்கால நம்பிக்கை.

கோயில் வாயிலில் எழுந்த கேள்வி

1891ஆம் ஆண்டு டிசம்பர் முதல் நாள் நீலகிரியில் திராவிட மகாஜன சபையின் மாநாடு கூடிப் பத்துத் தீர்மானங்களை நிறைவேற்றியது. கல்வி, அரசுப் பணி, பொதுக் கிணறு குளங்களில் நீர் எடுக்கும் உரிமை, இழிவுபடுத்திப் பேசுவோரைத் தண்டிக்கும் சட்டம் என்பன அவற்றுள் அடங்கும். இவை யாவும் இரக்கத்தை வேண்டி எழுந்தவை அல்ல; உரிமையைக் கோரி எழுந்தவை.

அடுத்த ஆண்டு, சென்னை விக்டோரியா மண்டபத்தில் நடைபெற்ற சென்னை மகாஜன சபையின் மாநாட்டில் நீலகிரியின் சார்பாக அவர் கலந்துகொண்டார். எல்லார்க்கும் பொதுவெனப்படும் சிவன், திருமால் கோயில்களுக்குள் தம் மக்களை ஏன் விடுவதில்லை என்று அவையில் வினவினார். அவையிலிருந்த சாஸ்திரியார் ஒருவர், உங்கள் குலத்தாருக்கு மதுரைவீரன், காட்டேரி, கருப்பண்ணன் போன்ற தெய்வங்கள் உண்டு. சிவனும் திருமாலும் உங்களுக்கு உரியவர் அல்லர் என்னும் பொருள்பட விடையளித்தார். அப்படியாயின் உங்கள் தெய்வங்கள் எங்களுக்கு வேண்டா. எங்கள் பிள்ளைகளுக்கு நான்காம் வகுப்பு வரை இலவசக் கல்வியும், தரிசாகக் கிடக்கும் நிலமும் கிடைக்கச் செய்யுங்கள் என்று அயோத்திதாசர் கோரினார்.

காத்தவராயன் என்பதும் ஒரு நாட்டார் தெய்வத்தின் பெயரே. அப்பெயரைத் தாங்கிப் பிறந்து, அத்வைதம் பயின்று, சபை நிறுவிய ஒருவரிடம்தான் ‘உன் தெய்வம் வேறு, என் தெய்வம் வேறு’ என்று கூறப்பட்டது. தத்துவ நூலில் ஒன்றாயிருந்த கடவுள், கோயில் வாயிலில் சாதிக்கொருவராகப் பிரிந்து நின்றார். தம் மக்கள் தலைநிமிர்ந்து நிற்பதற்கான இடத்தை வேறோரிடத்தில் தேட வேண்டும் என்னும் எண்ணத்திற்கு இந்நிகழ்ச்சி வலுவூட்டியது.

1898: கொழும்புப் பயணம்

அக்காலத்தில் சென்னை அடையாற்றில் பிரம்மஞான சபையின் தலைவராக இருந்தவர் ஹென்றி ஸ்டீல் ஆல்காட். அமெரிக்கரான அவர் இலங்கையில் பௌத்த மறுமலர்ச்சிக்குத் துணைநின்றவர். சென்னையில் ஒடுக்கப்பட்ட மக்களின் பிள்ளைகளுக்காக 1894 முதல் இலவசப் பள்ளிகளை நடத்தியவர். அயோத்திதாசரும் அவர்தம் தோழர்களும் ஆல்காட்டை அணுகினர். தங்கள் முன்னோர் பௌத்தர்கள் என்றும், அந்நெறிக்குத் தாங்கள் மீள விரும்புவதாகவும் தெரிவித்தனர். 1898இல் அயோத்திதாசர் ஆல்காட்டுடன் கொழும்பு சென்றார். அங்கு வித்தியோதய பிரிவேனாவின் தலைவரான சுமங்கல மகாதேரரிடம் பஞ்சசீலம் பெற்றார். சென்னை திரும்பியதும் இராயப்பேட்டையில் சாக்கைய பௌத்த சங்கத்தை நிறுவினார்.

இங்கு ஒரு சொல்லை மாணவர்கள் கூர்ந்து நோக்க வேண்டும். அவர்கள் ‘மாறுகிறோம்’ என்று கூறவில்லை, ‘மீள்கிறோம்’ என்றனர். மதம் மாறுபவர் தம்மிடம் இல்லாத ஒன்றைப் பிறரிடமிருந்து பெறுகிறார். மீள்பவர் தம்மிடமிருந்து பறிக்கப்பட்ட ஒன்றைத் திரும்பக் கேட்கிறார். பறிக்கப்பட்டது என்றவுடன் பறித்தவர் யார், எப்பொழுது, எவ்வாறு என்னும் வினாக்கள் அடுத்தடுத்து எழுகின்றன. சாதி அவ்விடத்தில் இயற்கை என்னும் நிலையை இழந்து வரலாறாகிவிடுகிறது. அயோத்திதாசரின் பௌத்தம் சாதியை எதிர்த்த முறையின் உயிர்நாடி இதுவே.

பௌத்தம் அவருக்கு வழிபாட்டு முறை மட்டுமன்று. கருணை, ஈகை, சாந்தம், ஒழுக்கம் என்பனவே ஒருவரின் உயர்வுக்கு அளவுகோல் என்று அவர் வலியுறுத்தினார். பிறப்பினால் அந்தணர் என்று சொல்லிக்கொள்வோரை ‘வேஷ பிராமணர்’ என்றும், ஒழுக்கத்தால் அந்நிலை எய்தியோரை ‘யதார்த்த பிராமணர்’ என்றும் வேறுபடுத்தினார். சொல்லை விட்டுக்கொடுக்காமல் அதன் பொருளை மீட்பது அவர் வழக்கம்.

ஒரு பைசாவுக்கு ஓர் இதழ்

1907 ஜூன் 19ஆம் நாள் அயோத்திதாசர் ‘ஒரு பைசாத் தமிழன்’ என்னும் வார இதழை இராயப்பேட்டையிலிருந்து தொடங்கினார். நான்கு பக்கங்கள், விலை காலணா, அதாவது ஒரு பைசா. கூலித் தொழிலாளியும் வாங்கக்கூடிய விலையே இதழின் பெயராயிற்று. அடுத்த ஆண்டு ஆகஸ்டு மாதம் இதன் பெயர் ‘தமிழன்’ எனச் சுருங்கியது. 1914 மே 5ஆம் நாள் அவர் மறையும் வரை இதழ் இடைவிடாது வெளிவந்தது.

இதழின் பெயரையும் கவனித்தல் வேண்டும். ஊருக்கு வெளியே நிறுத்தப்பட்ட மக்களின் ஏட்டுக்குத் ‘தமிழன்’ என்று பெயரிட்டதன் மூலம், தமிழரின் வரலாற்றில் தாங்கள் மையத்தில் இருந்தவர்கள் என்று அவர் அறிவித்தார். மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தம் மக்கள் ‘சாதிபேதமற்ற திராவிடர்’ என்று பதிவு செய்துகொள்ள வேண்டும் என்று வலியுறுத்தியதும் இந்நோக்கத்தினாலேயே. பிறர் இட்ட பெயரோடு வாழ்பவர், பிறர் வகுத்த இடத்திலேயே வாழ நேரும் என்பதை அவர் நன்கு உணர்ந்திருந்தார்.

சொல்லாய்வும் மறுவாசிப்பும்

அயோத்திதாசரின் ஆய்வுமுறையை மூன்று எடுத்துக்காட்டுகளால் விளக்கலாம்.

முதலாவது, ‘பறையர்’ என்னும் சொல். தமிழில் ‘பறைதல்’ என்பதற்குச் சொல்லுதல் என்பது பொருள். மலையாளத்தில் இன்றும் அப்பொருளிலேயே அது வழங்குகிறது. யாழ்ப்பாணத்துப் பேச்சிலும் உண்டு. இதனைக் கொண்டு அவர் ஒரு விளக்கம் தந்தார். போலி வேடமிட்டு வந்தோரின் வஞ்சகத்தை ஊரறியப் பறைந்த பௌத்தர்களே ‘பறையர்’ எனப்பட்டனர். உண்மையைச் சொன்னதற்குத் தண்டனையாகவே அப்பெயர் இழிபெயராக்கப்பட்டது என்பது அவ்விளக்கம்.

இரண்டாவது, நந்தன் கதை. பெரியபுராணத்தில் திருநாளைப்போவார் என்னும் அடியார், தில்லையில் தீயில் மூழ்கி எழுந்த பின்னரே கோயிலுக்குள் செல்கிறார். அயோத்திதாசரின் ‘இந்திரர் தேச சரித்திரம்’ காட்டும் நந்தன் வேறு. அவன் ஒரு பௌத்த அரசன், வேடதாரிகளை நேருக்குநேர் வினவியவன், சூழ்ச்சியால் கொல்லப்பட்டவன். ஒரு கதை, தாழ்ந்தவர் தூய்மை பெற்று உள்ளே நுழைந்தார் என்கிறது. மற்றொன்று, உயர்ந்து நின்றவர் வஞ்சிக்கப்பட்டு வெளியேற்றப்பட்டார் என்கிறது. இரண்டையும் அருகருகே வைத்துப் படிக்கும் மாணவர், கதையை யார் சொல்கிறார் என்பது எவ்வளவு முதன்மையானது என்பதை எளிதில் உணர்வர்.

மூன்றாவது, திருநாள்கள். தீபாவளியை அசுரன் ஒருவன் கொல்லப்பட்ட நாளாக அவர் கொள்ளவில்லை. பௌத்தர்கள் எள்ளின் நெய்யைக் கண்டறிந்து, அதன் பயனை ஆராய்ந்து, தேய்த்து நீராடிய நாளின் நினைவாகவே அதனை விளக்கினார். கார்த்திகைத் தீபத்தை ஆமணக்கு நெய்யின் கண்டுபிடிப்போடு இணைத்தார். எவரையும் கொன்றதற்காகக் கொண்டாடாமல், மக்களுக்குப் பயன்தரும் ஒன்றைக் கண்டதற்காகக் கொண்டாடுவதே நம் முன்னோர் வழக்கம் என்பது இவ்விளக்கங்களின் உட்பொருள். திருக்குறளைத் ‘திரிக்குறள்’ என்று அவர் எழுதியதும், அதன் முப்பாலைப் பௌத்தரின் திரிபிடகத்தோடு இணைத்துக் காண்பதற்காகவே.

கற்பனையா, நினைவா?

தமிழ்நாட்டில் பௌத்தம் இருந்ததா என்று ஐயுறுவோர்க்கு விடை கூறுதல் எளிது. மணிமேகலை நம் ஐம்பெருங்காப்பியங்களுள் ஒன்று. அதில் வரும் ஆபுத்திரன், பிறப்பைக் காரணம் காட்டித் தன்னை இழித்துரைத்தோரிடம், முனிவர் பலரின் பிறப்பைச் சுட்டிக்காட்டி வினாத்தொடுக்கிறான். இக்காப்பியத்தை உ. வே. சாமிநாதையர் அச்சிட்டு வெளியிட்ட ஆண்டு 1898. அயோத்திதாசர் பஞ்சசீலம் பெற்றதும் அதே ஆண்டில்தான். வீரசோழியம் என்னும் இலக்கண நூலை இயற்றிய புத்தமித்திரர் பௌத்தர், அந்நூலைச் சி. வை. தாமோதரம் பிள்ளை 1881இல் பதிப்பித்தார். ஏட்டிலிருந்த பௌத்தத் தமிழ் அச்சுக்கு வந்துகொண்டிருந்த காலத்தில்தான், அந்நெறியைத் தம்முடையது என்று உரிமை கோர ஒரு மக்கள் கூட்டம் எழுந்தது.

நாம் வாழும் இந்நிலத்திற்கும் இவ்வரலாற்றில் பங்குண்டு. நம் அண்டை மாநிலமாகிய கெடாவே சோழர் கல்வெட்டுகள் கூறும் கடாரம். கடாரத்து அரசர் சூடாமணிவர்மர் நாகப்பட்டினத்தில் ஒரு பௌத்த விகாரையைக் கட்டத் தொடங்கினார்; அவர் மகன் மாறவிசயோத்துங்கவர்மர் அதனை நிறைவு செய்தார். முதலாம் இராசராச சோழன் அதற்கு ஆனைமங்கலம் என்னும் ஊரின் வருவாயை வழங்கிய செய்தியை லெய்டன் செப்பேடுகள் கூறுகின்றன. அதற்கும் முற்பட்டது, 1834இல் ஜேம்ஸ் லோ நம் செபராங் பிறையின் வடபகுதியில் கண்டெடுத்த புத்தகுப்தன் கல்வெட்டு. தூபியின் உருவம் பொறித்த அக்கல்லில் பல்லவ எழுத்தை ஒத்த வரிவடிவில், புத்தகுப்தன் என்னும் மாநாவிகனின் பெயர் உள்ளது. அதன் காலம் ஏறத்தாழ 5ஆம் நூற்றாண்டு. இன்று அது கொல்கத்தா அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

பினாங்கிலும் அயோத்திதாசர் பிறந்த அதே 1845ஆம் ஆண்டில்தான் பர்மா லேனிலுள்ள சயாமியப் பௌத்தக் கோயில் தோன்றியது. அதற்குரிய நிலம் ஆளுநர் பட்டர்வொர்த்தின் காலத்தில் வழங்கப்பட்டது. அவர் பெயரையே நம் பட்டர்வொர்த் நகரும் தாங்கி நிற்கிறது. அக்கோயிலைப் பார்த்து வளரும் நம் பிள்ளைகள் பௌத்தத்தைச் சீனர், சயாமியர், பர்மியர், சிங்களவர் ஆகியோரின் சமயமாகவே அறிகின்றனர். தமிழிலும் அந்நெறி பேசியது, இக்கரையையும் அக்கரையையும் அது இணைத்தது என்பதை அவர்களுக்குக் கூற வேண்டியது நம் கடமை.

ஆயினும், தமிழகத்தில் பௌத்தம் இருந்தது என்பதும், ஒடுக்கப்பட்ட மக்கள் அனைவரும் அப்பௌத்தர்களின் வழித்தோன்றல்களே என்பதும் ஒன்றல்ல. முன்னதற்குக் கல்லும் செம்பும் ஏடும் சான்று பகர்கின்றன. பின்னதற்கு அத்தகைய உறுதியான சான்று இல்லை. அயோத்திதாசரின் சொற்பிறப்பு விளக்கங்கள் பலவற்றை இன்றைய மொழியியல் ஏற்பதில்லை. ‘பறையர்’ என்னும் பெயரைப் பறை என்னும் இசைக்கருவியோடு இணைத்துக் கூறுவோரே மிகுதி. இதனை மாணவர்களிடம் மறைத்தல் கூடாது.

மற்றொரு குறையையும் கூறியாக வேண்டும். தம் மக்கள் முற்காலப் பௌத்தர்கள், பிறரால் தாழ்த்தப்பட்டவர்கள் என்று நிறுவ முற்பட்ட அவர், குறவர், தோட்டி, சக்கிலியர் என்று அழைக்கப்பட்டோரைத் தம் மக்களோடு ஒன்றாக எண்ணுவதை எதிர்த்தார். இழிவு இயற்கையன்று என்னும் தம் கொள்கையை அவர் எல்லார்க்கும் ஒரே அளவில் நீட்டவில்லை. சாதி எவ்வளவு ஆழமாக வேரோடியது என்பதற்கு, அதனை எதிர்த்தவரின் எழுத்திலேயே அது விட்டுச்சென்ற இத்தடமும் ஒரு சான்றாகிறது. ஆங்கில ஆட்சியின் மீது அவர் வைத்த நம்பிக்கையும், சுதேசி இயக்கத்தின் மீது அவர் கொண்ட கடும் ஐயமும் விவாதத்திற்கு உரியவையே.

இவ்வளவும் கூறிய பின்னர் எஞ்சுவது யாது? அவருடைய விடைகள் சில தளர்ந்தாலும் அவர் எழுப்பிய வினா தளரவில்லை. “நாங்கள் ஏன் தாழ்ந்தவர்களாய்ப் பிறந்தோம்?” என்று கேட்டுவந்த மக்களை, “எங்களைத் தாழ்த்தியவர் யார்?” என்று கேட்கச் செய்தார். முதல் வினாவுக்கு ஊழ்வினை விடையாகக் கூடும். இரண்டாம் வினாவுக்கு மனிதரே விடையளித்தாக வேண்டும்.

விதை பரவிய வழி

அவர் விதைத்தது இராயப்பேட்டையோடு நிற்கவில்லை. கோலார் தங்கவயல், பெங்களூர், திருப்பத்தூர் ஆகிய இடங்களிலும், கடல் கடந்து இரங்கூன், டர்பன் ஆகிய நகரங்களிலும் கிளைச் சங்கங்கள் தோன்றின. இவ்விடங்களில் பலவும் பிழைப்புக்காகத் தொழிலாளர் சென்று குடியேறியவை என்பது எண்ணத்தக்கது. சொந்த ஊரின் கட்டு சற்றே தளர்ந்த இடத்தில், சாதியற்ற அடையாளம் ஒன்றை மக்கள் தேடினர். அவர் மறைவுக்குப் பின் ‘தமிழன்’ இதழ் 1926 முதல் கோலார் தங்கவயலிலிருந்து ஜி. அப்பாதுரையாரால் மீண்டும் நடத்தப்பட்டது.

அயோத்திதாசரின் சமகாலத்தவராகிய பேராசிரியர் இலட்சுமி நரசு 1907இல் பௌத்தத்தின் சாரத்தை விளக்கி ஆங்கிலத்தில் எழுதிய நூல், 1948இல் அம்பேத்கரின் முன்னுரையோடு மறுபதிப்புப் பெற்றது. அதே ஆண்டில் அம்பேத்கர், தீண்டாமைக்கு ஆளான மக்கள் முற்காலப் பௌத்தர்களே என்று தம் நூலொன்றில் வாதிட்டார். 1956 அக்டோபர் 14ஆம் நாள் நாகபுரியில் பல இலட்சம் மக்களோடு பௌத்தம் ஏற்றார். அந்நாளுக்கு 58 ஆண்டுகளுக்கு முன்னரே ஒரு தமிழ்ப் பண்டிதர் அவ்வழியில் நடந்திருந்தார். ஆயினும் அவர் எழுத்துகள் நெடுங்காலம் மறக்கப்பட்டிருந்தன. 1999இல் ஞான. அலாய்சியஸ் தொகுத்த ‘அயோத்திதாசர் சிந்தனைகள்’ வெளிவந்த பின்னரே அவை பரவலாகப் படிக்கப்படலாயின.

நம் வகுப்பறையில்

நம் முன்னோருள் பலர் நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்கில் இறங்கியவர்கள். கடாரத்து அரசர் விகாரை கட்டிய அதே நாகப்பட்டினம் அது. கப்பலில் அவர்களோடு சாதியும் ஏறி வந்தது. தோட்டப்புறங்கள் சிலவற்றில் குடியிருப்பு வரிசைகள்கூடச் சாதியால் பிரிந்திருந்தன. 1929 டிசம்பரில் பெரியார் பினாங்கில் வந்திறங்கியபொழுது அவருடைய பேச்சுக்கு இங்கு தேவை இருந்தது.

இன்று வரிசை வீடுகள் மறைந்துவிட்டன. தமிழ்ப்பள்ளியின் ஒரே மேசையில் எல்லாப் பிள்ளைகளும் அமர்கின்றனர். எனினும், திருமணப் பேச்சு எழும்பொழுது “அவர்கள் என்ன ஆட்கள்?” என்னும் மெல்லிய குரல் இன்னும் சில வீடுகளில் ஒலிக்கத்தான் செய்கிறது. பிள்ளைகள் அதனைக் கேட்கின்றனர். அதன் பொருளை நம்மிடம் கேட்கக் கூசுகின்றனர்.

ஆகவே ஆசிரியர்களிடம் வேண்டுவது இதுவே. ஆபுத்திரன் கதையை நடத்தும் நாளில் அவன் கேட்ட வினாவையும் நடத்துக. நந்தன் கதை இரண்டு வகையில் சொல்லப்பட்டிருப்பதை மாணவர்க்கு அறிவித்து, ஒவ்வொன்றுக்கும் சான்று எது என்று தேடச் செய்க. அயோத்திதாசரைப் போற்றுவதோடு நில்லாமல், அவர் விளக்கங்களைச் சோதிக்கவும் கற்றுக்கொடுக்க. பட்டறிவுக்கும் ஆராய்ச்சிக்கும் ஒவ்வாததை ஏற்காதே என்பது புத்தரின் அறிவுரையும் ஆகும்.

சாதி எப்பொழுது தோன்றியது என்று மாணவர் ஒருவர் கேட்டால், “தொன்றுதொட்டு” என்று கூறி அமர்ந்துவிட வேண்டா. “அது மனிதர் உண்டாக்கியது. எப்பொழுது, எவ்வாறு என்பதை அறிஞர் ஆராய்ந்து வருகின்றனர். நாமும் சேர்ந்து தேடுவோம்” என்று கூறுவோம். தேடத் தொடங்கும் மாணவர், சாதியைப் பணிந்து ஏற்கும் மாணவராக இருக்க இயலாது.